‘பசிக்குது’ என்ற ஒரு சொல்லுக்காகத் தீர்த்தமலைக்கு

அம்மாவின் வேண்டுதல் 2 வருஷமாகப் பாக்கி இருந்தது. “என் பையன் வாயைத் திறந்து தானா பசிக்குதுன்னு கேட்கட்டும். அவனைக் கூட்டிக்கிட்டு உன் மலை ஏறி வரேன்” என்று தீர்த்தமலைச் சிவன் தீர்த்தகிரீஸ்வரரிடம் சொல்லி, 11 ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். போன மார்கழியில் ஒரு ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, தம்பி அடுப்படிக்கு வந்து நின்றான். “ம்மா, பசிக்குது. களி இருக்கா?”

களி இருந்தது. அவரைக்கொட்டைச் சாறும் இருந்தது. அம்மா பரிமாறும்போது கரண்டி தட்டில் பட்டு லொடலொடவென்று சத்தம் கேட்டது. அவள் கை அப்படி நடுங்கியது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓசூரில் பார்த்த வேலை போனதும் காவேரிப்பட்டணம் வந்து அறைக்கதவைச் சாத்தியவன் அவன். டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை சாப்பிட்டான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கையில் எப்போதும் இருந்தது ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவரின் புத்தகம். 1788-ல் பிறந்து 1860-ல் மறைந்தவர். மனிதன் என்றாலே தீராத இச்சைதான், அதனால் வாழ்க்கை அடிப்படையிலேயே துன்பம் என்று 1818-லேயே பெரிய நூல் எழுதி முடித்தவர். தம்பி எனக்குச் சொல்வான்: “வேணும்னு நெனச்சது கிடைக்கலேன்னா வலி, கிடைச்சா சலிப்பு. ரெண்டுக்கும் நடுவுல ஊசல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கோம்க்கா. இதுல எது பொய், சொல்லு.”

என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. அப்பாவின் மாந்தோப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். பூத்தால் பிஞ்சு நிற்குமா என்று கவலை, காய் நின்றால் விலை நிற்குமா என்று கவலை. நல்ல விலை கிடைத்த வருஷத்தில்கூட அப்பா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருப்பாரா என்றால் சந்தேகம்தான். அடுத்த வாரமே போர்வெல் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். ஷோபன்ஹவர் எழுதியது எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னாலேயே ஊத்தங்கரைக்குக் கிளம்பிவிட்டோம். முறைப்படி முதலில் அனுமந்தீர்த்தம். தென்பெண்ணையில் தண்ணீர் குறைவு, குளிர் அதிகம். அம்மா மூன்று முழுக்குப் போட்டாள். கரையெல்லாம் ஷாம்பு பாக்கெட்டும் கழற்றிப் போட்ட பழந்துணியும். பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் குப்பையைப் போட்டுவிட்டுப் போக எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒருவர் அர்ச்சனைத் தட்டை அம்மாவின் கையில் வலுக்கட்டாயமாகத் திணித்துவிட்டு, வாங்கிய பிறகுதான் விலை சொன்னார். இன்னொருவர், “கூட்டம் ஜாஸ்தி, சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்” என்று பாதி வழி கூடவே வந்தார். தம்பி கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். முகம் பழையபடி இறுகிப்போனது. திரும்பிப் போய்விடுவானோ என்று எனக்கு வயிறு கலங்கியது. நல்லவேளை, ஒரு குரங்கு அம்மாவின் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு படியேற, அவன் அதன் பின்னாலேயே பத்துப் படி ஓடினான். அப்புறம் நிற்கவே இல்லை.

பாதி மலையில் ஒரு பாட்டி காலைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். சதை பிடித்துக்கொண்டது. கூட வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள்போல. கூட்டம் அவரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. தம்பி கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வெடித்த குதிகால், மெட்டி தேய்ந்த விரல். கட்டை விரலால் கெண்டைக்காலை மெதுவாக நீவிவிட்டான். “வலிக்குதாம்மா, இங்கயா?” 2 வருஷத்தில் அவன் இன்னொருவரின் வலியை விசாரித்து நான் கேட்டதில்லை.

பாட்டியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போகும்போது அவனே சொன்னான். ஷோபன்ஹவர் அறத்துக்கெல்லாம் வேராக வைத்தது இரக்கத்தைத்தானாம். அடுத்தவன் வலி என் வலி என்று தெரிவதற்கு ‘தத் துவம் அஸி’, அதாவது ‘அது நீயே’ என்ற நம் உபநிடத வாக்கியத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறாராம். பாரசீகத்திலிருந்து லத்தீனுக்குப் போய் 1801-02-ல் அச்சான உபநிடதங்களைப் படித்துவிட்டு, என் வாழ்வுக்கும் சாவுக்கும் இதுவே ஆறுதல் என்றவர். வளர்த்த நாய்க்கு ஆத்மா என்று பெயர் வைத்தவர். அம்மா ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்த மகராசன் இந்த மலைக்கு வந்திருக்கலாம்” என்றாள். மனசாரச் சொன்னாள்.

அவன் அறைச் சுவரில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கோபப்பட்டுவிட்டு, ‘இன்னாது அம்ம இவ்வுலகம்’ என்பார். சுவரில் அதுவரைக்கும்தான் இருந்தது. நான் மலையில் மிச்சத்தைச் சொன்னேன்: ‘இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே.’ அவன், “தெரியும்க்கா. அப்ப அது கண்ணுல படல” என்றான்.

ராமர் தீர்த்தத்தில் தள்ளுமுள்ளு. செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பவர்களைத் தாண்டி அம்மாவைக் கொண்டுபோக நான் பட்ட பாடு! ராமர் அம்பு விட்ட இடம், கோடையிலும் நிற்காத தீர்த்தம். பாறையின் உச்சியிலிருந்து மெல்லிசாக விழுகிறது, காற்றடித்தால் பக்கத்தில் நிற்பவர் தலையில் போய் விழுகிறது. தம்பி அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மற்ற தீர்த்தங்களையும் தலையில் தெளித்துக்கொண்டோம்.

சன்னிதிக்குப் போகும்போது என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. பெரியவனின் பத்தாம் வகுப்புத் தேர்வு, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, நகைக்கடன், தம்பிக்கு வேலை. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்கு முந்தின நேரம். லிங்கத் திருமேனியில் ஒரே ஒரு வில்வ இலை ஈரத்தில் ஒட்டியிருந்தது. அது மெல்ல வழுக்கியது, நின்றது, ஒரு துளி வந்து சேர்ந்ததும் மறுபடி வழுக்கியது. ஆவுடையாரில் வந்து விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். தீபம் காட்டினார்கள். பட்டியலில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை. அப்பனே, நான் உன் முன்னால் நின்றேன், அவ்வளவுதான், அதற்கே கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

ஆசை அடங்குவதே விடுதலை என்கிறார் அந்த ஜெர்மன்காரர். சந்தோஷம் என்று தனியாக ஒன்று கிடையாது, வலி விட்டிருக்கும் நேரத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றும் சொல்கிறார். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதுவும் வேண்டாம் என்று 2 வருஷம் இருட்டறையில் கிடந்தவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்தவள் நான். வைத்த தட்டு அப்படியே திரும்பி வரும். அந்த வேண்டாம் விடுதலை இல்லை. சன்னிதியில் எனக்கு எதுவும் வேண்டாமல் போனது வேறு. அங்கே குறைவு ஒன்றுமே இல்லை, நிரம்பி வழிந்தது. எங்கள் வீட்டுக்கோ ‘பசிக்குது’ என்ற ஆசை திரும்பி வந்ததுதான் பெரிய வரம். கேட்காத பிள்ளையைக் கேட்க வைத்தாயே சுவாமி, வடிவாம்பிகைத் தாயே, உங்களுக்கு நான் என்ன செய்வேன்!

அம்மா மஞ்சள் துணியை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. தம்பிதான் பல்லால் கடித்து அவிழ்த்து, 11 ரூபாயையும் உண்டியலில் போட்டான்.

இறங்கும்போது முட்டி கழன்றுவிடும்போல வலி. அரூர் பஸ், ஊத்தங்கரை பஸ் எல்லாமே கூட்டம். ஒரு வழியாக மூன்று பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. தம்பி தலை துவட்டவே இல்லை. பஸ் கிளம்பியதும் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவன் முடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் அம்மாவின் ரவிக்கைத் தோள் நனைந்து நிறம் மாறியிருந்தது. “குளிரும்மா, நான் அந்தப் பக்கம் வரட்டுமா?” என்றேன். அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.