கூந்தன்குளத்தின் கால்கள்

திருநெல்வேலி மாவட்டத்தின் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு வருகிறவர்களின் கேமராக்கள் அலகைத்தான் தேடுகின்றன. கூழைக்கடாவின் தொங்கு பை, கரண்டிவாயனின் தட்டை அலகு, மஞ்சள் மூக்கு நாரையின் வளைந்த மூக்கு. நான் கால்களைப் பார்ப்பதற்கென்றே போனேன். அதற்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். இங்கே பறவைகள் குளத்து மரங்களோடு நிற்காமல், தெருவோர வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. அண்ணாந்து பார்த்தால் விரல்களை எண்ணிவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். பிப்ரவரிக் காலை. ஊருக்குள் கால் வைத்ததுமே எச்சத்தின் நெடி. ஓடுகளும் முற்றங்களும் வெள்ளை பூசியதுபோல் கிடக்கின்றன, ஆனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தீபாவளிக்குக்கூட இவர்கள் வெடி வெடிப்பதில்லை.

ஒரு வேப்பமரத்தில் கூழைக்கடா ஒன்று இறங்கியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். 4 முதல் 6 கிலோ வரை எடையுள்ள பறவை, நீந்துவதற்கான சவ்வுப் பாதம், என் மணிக்கட்டைவிட மெல்லிய கிளை. இருந்தும் தடுமாறவில்லை. அந்தப் பக்கம் குளத்தில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் சவ்வுப் பாதம்தான், ஆனால் அவை மரத்தை நாடுவதில்லை. வாத்துக்கு முன்விரல்கள் மூன்றை மட்டுமே சவ்வு இணைக்கிறது. பின்விரல் சிறியது, உயரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நான்கு விரல்களும் ஒரே சவ்வுக்குள் இருக்கின்றன. நான்காவது விரலும் நீளமாக, கீழே இறங்கி, கிளையைத் தொடுகிறது.

நாரையின் காலில் பின்பக்கமாக மடங்குகிறதே, அதை முழங்கால் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் வயிற்றை ஒட்டி மறைந்திருக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகளும் அங்கே மேலேதான் இருக்கின்றன. கீழே குச்சிபோல் தெரிவதில் எலும்பும், அதை ஒட்டி ஓடும் தசைநாண்களும்தான் பெரும்பங்கு. எடை உடலோடு ஒட்டியிருப்பதால் பறப்பதும் நடப்பதும் எளிதாகின்றன. வெட்டிய கோழிக்காலின் நாணை இழுத்து, விரல்கள் மடங்குவதைப் பார்த்து விளையாடிய பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு நன்றாகவே தெரியும்.

இதை வைத்து ஒரு பழைய விளக்கம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் பொரெல்லி சொன்னது: பறவை உட்காரும்போது முழங்காலும் கணுக்காலும் மடங்குகின்றன, நாண்கள் இழுபடுகின்றன, விரல்கள் தாமாகவே கிளையைப் பூட்டிக்கொள்கின்றன, அதனால்தான் தூக்கத்தில் விழுவதில்லை. அழகான விளக்கம். இன்றும் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. ஆனால் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, மைனாவின் உறவான ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைக் கூர்ந்து பார்த்தது. தூங்கும் ஸ்டார்லிங்கின் கால்கள் சிறிதளவே மடங்கியிருந்தன. விரல்கள் கிளையை இறுக்கவில்லை. பாதத்தின் நடுத்திண்டின் மேல் அது சமநிலையில் நின்றிருந்தது. இடுப்பிலிருந்து முழங்காலைச் சுற்றி விரல் தசைகளைச் சேரும் ஆம்பியன்ஸ் என்ற தசைக்குத்தான் அந்தப் பழைய விளக்கம் பெரும்பங்கு கொடுத்தது. சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் அந்தத் தசையே கிடையாது. கிளையில் அமர்வதில் அவற்றை மிஞ்சிய பறவை ஏது!

பூட்டு என்பது முழுப் பொய்யும் அல்ல. பல பறவைகளின் விரல் நாணின் அடிப்பக்கத்தில் நுண்ணிய மேடுகளும், அதை மூடிய உறையின் உட்புறத்தில் மடிப்புகளும் இருக்கின்றன. விரல் கிளையில் அழுந்தும்போது இரண்டும் சிக்கிக்கொள்வதால், தசை அதிகம் உழைக்காமலே பிடி நிற்கிறது. இதற்கு மேல், இடுப்பருகே தண்டுவடத்தை ஒட்டிச் சமநிலையை உணரும் தனி அமைப்பு ஒன்று பறவைகளுக்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிடியும் நிதானமும் சேர்ந்தால்தான் உட்கார முடியும் என்பதே என் நம்பிக்கை.

அதை எனக்கு உறுதிப்படுத்தியவர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. "இத்தனை பறவை இருக்கின்றனவே, காற்றில் விழாதா அம்மா?" என்று கேட்டேன்.

"பெரியது விழாது தம்பி. குஞ்சுதான் விழும்" என்றார்.

அந்தக் குஞ்சுக்கும் அதே எலும்புகள், அதே நாண்கள், அதே நான்கு விரல்கள். தசையின் வலுவும் உடம்பின் நிதானமும்தான் இன்னும் வந்து சேரவில்லை. கூட்டின் விளிம்பில் ஒரு நாரைக் குஞ்சு எழுவதும், இறக்கையை விரித்துத் தள்ளாடுவதும், கணுக்காலை மடக்கி உட்கார்ந்துவிடுவதுமாக இருந்ததை நெடுநேரம் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் இரை தேடிய பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில் தெருவில் நில்லுங்கள். இறங்கும் பறவையின் முகத்தை விட்டுவிட்டு, கால்கள் முன்னே நீண்டு விரல்கள் விரியும் அந்தக் கணத்துக்குப் பைனாகுலரைத் திருப்புங்கள். மரத்தடியில் சத்தம் போடாதீர்கள்; மிரண்டு எழும் தாய்ப்பறவையின் காலில் தட்டுப்பட்டே குஞ்சு கீழே விழக்கூடும்.