பெயரைச் சொல்லி எழுப்புங்கள்

மைனா வந்த அன்று மாலை எங்கள் வாசலிலேயே இருபது நிமிடம் நின்றாள். உள்ளே வழவழவென்று தரை. அப்படிப்பட்ட தரையில் அவள் கால் வைத்ததே இல்லை. நான்கு வயது கிரேஹவுண்ட், பிறந்ததிலிருந்து பந்தய நாய்களை அடைத்து வளர்க்கும் கொட்டடியில், அதாவது கெனலில், இருந்தவள். வேனில் ஏறத் தெரியும், கூண்டுக்குள் போகத் தெரியும், ஓடுபாதையில் எந்திர முயலைத் துரத்தத் தெரியும். வீடு என்றால் என்னவென்று தெரியாது. என் கணவர் பழைய யோகா விரிப்புகளைத் தேடி எடுத்து வந்து வாசலிலிருந்து கூடம்வரை வரிசையாகப் போட்டார். அதன்மேல் ஒவ்வொரு காலாக வைத்து, மூக்கைத் தரையோடு தரையாக வைத்தபடி உள்ளே வந்தாள்.

மைனாவை நாங்கள் தத்து எடுக்கவில்லை, ஃபாஸ்டராகத்தான் கொண்டுவந்தோம். தத்து எடுப்பது வேறு, ஃபாஸ்டர் வேறு. ஃபாஸ்டரில் நாய் நம்முடையது அல்ல, மீட்பு அமைப்பினுடையது. நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கிறவரை நம் வீட்டில் வைத்து வீட்டு வாழ்க்கைக்குப் பழக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது எப்படிப்பட்ட நாய் என்று கவனித்து உண்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் மருத்துவச் செலவை அமைப்பே ஏற்றுக்கொண்டது. பந்தய நாய்கள் ஒன்றரை வயது வாக்கில் ஓடத் தொடங்கி, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் நிறுத்தப்பட்டுவிடுகின்றன. பன்னிரண்டு வயதுவரைகூட வாழக்கூடிய நாய் அது. மிச்ச ஆயுளுக்கு ஒரு வீடு வேண்டுமே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2018இல் மக்கள் வாக்களித்து, 2020 முடிவுக்குள் நாய்ப் பந்தயம் நின்றுபோனது. நல்ல செய்தி என்று மகிழ்ந்த கையோடு, அந்த நாய்களெல்லாம் எங்கே போகும் என்ற கேள்வியும் எனக்குள் வந்தது. விண்ணப்பம் போட வைத்தது அந்தக் கேள்விதான்.

விண்ணப்பத்துக்குப் பிறகு அமைப்பிலிருந்து ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வந்தார். வேலியைச் சுற்றி நடந்தார், கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், எங்கள் ஒன்பது வயது நாய் மணியோடு தரையில் உட்கார்ந்து பேசினார். மணி சிறிய உருவம், கலப்பினம். கடைசியாக, "வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. கூப்பிட்டால் வரும் என்று நினைத்துக்கூட அவிழ்க்காதீர்கள்" என்றார். சிப்பிப்பாறை நாய் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கிரேஹவுண்ட் சில எட்டுகளில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். தூரத்தில் எதுவோ அசைவது கண்ணில் பட்டு ஓட ஆரம்பித்துவிட்டால், நம் குரல் காதில் ஏறாது. சாதாரணக் கழுத்துப்பட்டையும் போடக் கூடாதாம். இவற்றின் கழுத்தைவிடத் தலை சிறுத்திருப்பதால், பின்னால் ஒரு இழுப்பு இழுத்தால் தலை வெளியே வந்துவிடும். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகுகிற மார்டிங்கேல் பட்டையை அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் மூன்று நாள் அவள் படுக்கையை விட்டு எழுந்ததே அபூர்வம். வாலை ஆட்டவில்லை, எதையும் கடிக்கவில்லை, சத்தம் இல்லை. பார்க்க வந்தவர்கள் "எவ்வளவு அடக்கமான நாய்!" என்றார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. பயத்தில் உறைந்துபோன பிராணியும் அப்படித்தான் இருக்கும். அதனால் ஒரு முடிவு எடுத்தோம். விருந்தாளிகள் வேண்டாம், குளிப்பாட்டல் வேண்டாம், ஊர்சுற்றல் வேண்டாம். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே பாதையில் நடை, அவளாக எழுந்து வருகிறவரை யாரும் தொடுவதில்லை. புதிதாக நாயைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரமே அன்பைக் கொட்டத் துடிக்கிறோம். அந்த வாரத்தில் நாய்க்கு வேண்டியது அன்பைவிட அமைதி. ஐந்தாம் நாள் காலை, நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து என் தோளில் தாடையை வைத்தாள். நான் அசையவே இல்லை. இதை எழுதும்போதும் அந்தத் தாடையின் எடை எனக்குத் தெரிகிறது.

வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதுதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று பயந்திருந்தேன். அப்படி இல்லை. கெனலில் குறித்த நேரத்துக்கு வெளியே விட்டுப் பழக்கியிருப்பார்கள், அதே ஒழுங்கை நாங்களும் பிடித்துக்கொண்டோம். இரண்டே இரண்டு தடவை தவறியது, இரண்டும் எங்கள் தாமதத்தால்.

கண்ணாடிக் கதவு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. முதல் வாரம் வண்ணத்தாள்களை வெட்டி அவள் கண் உயரத்தில் ஒட்டி வைத்தோம். மாடிப்படிதான் அதிக நாள் எடுத்தது. ஏறுவதற்கு நான் முன்னால் ஒரு படியில் உட்கார்ந்துகொள்ள, கணவர் பின்னால் நின்று அவள் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த படியில் வைப்பார். இறங்குவதற்குக் கீழிருந்து மூன்றாவது படியில் ஆரம்பித்தோம். உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் பயத்தில் மொத்தமாகத் தாவியிருப்பாள். அந்த மெலிந்த நீளக் கால்கள் அதைத் தாங்காது. தோலும் அப்படித்தான். மற்ற நாய்களுக்குச் சிராய்ப்போடு போகிற இடத்தில் இவளுக்குத் தோல் கிழிந்து தையல் போட வேண்டியிருக்கும். வேலியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து மடக்கினேன்.

மணியோடு பழக்கியதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவசரப்பட்டால் ஒரு உயிர் போகும். முதல் சந்திப்பு வீட்டுக்குள் இல்லை. தெருவில், இரண்டு பேர் இரண்டு நாய்களையும் பிடித்துக்கொண்டு, நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம். நேருக்கு நேர் முகம் பார்க்க விடவில்லை. மறுநாள் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தோம். வீட்டுக்குள் நடுவே தடுப்பு கேட். தடுப்பு இல்லாமல் இருக்கும்போதெல்லாம் மைனாவுக்கு வாய்க்கூடு. மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை மாதிரியான வாய்க்கூடு அது. அதை நீட்டியதும் அவளாகவே முகத்தை உள்ளே நுழைத்தாள். எங்கள் வீட்டில், பந்தய வாழ்க்கையிலிருந்து அவளுக்குப் பழகிய பொருள் அது ஒன்றுதான். எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாவது வாரத்தில் மணி பந்தைத் துரத்திக் கீச்சென்று கத்திக்கொண்டு தோட்டத்தில் ஓடினான். மைனாவின் காதுகள் நிமிர்ந்தன, உடம்பு கல்லானது, அடுத்த நொடி அவன்மேல் இருந்தாள். வாய்க்கூடு இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் மணியின் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவள்தான். ஆனால் ஓடுகிற சிறிய உருவம் அவளுக்கு வேறு. இதில் அவள் குற்றம் எதுவும் இல்லை. அன்று முதல் தோட்டத்துக்கு இருவரையும் தனித்தனியாகவே விட்டோம். என் நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "வீட்டுக்குள் நட்பு, வெளியே நம்பக் கூடாது. பூனையோ சிறிய உருவ நாயோ உள்ள வீட்டுக்கு வேண்டாம்." இப்படி எழுதினால் அவளைக் கேட்டு வருகிறவர்கள் குறைவார்கள் என்று தெரியும். அதை மறைத்துத் தத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்பி வருவாள்.

தூக்க விஷயம் தெரிந்ததும் அதே நாட்களில்தான். ஒரு இரவு கணவர் அவளைக் கடக்கும்போது குனிந்து முதுகைத் தடவினார். கண் திறந்திருந்தது, விழித்திருக்கிறாள் என்று நினைத்தார். உறுமிக்கொண்டு துள்ளி எழுந்தாள், பல் அவர் மணிக்கட்டை உரசியது. உடனே தானே பயந்து சுவரோரம் ஒடுங்கினாள். கிரேஹவுண்டுகளில் பல கண்ணைத் திறந்தபடியே தூங்கும். கெனலில் தனிக்கூண்டில் படுத்த நாயைத் தூக்கத்தில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அமைப்பில் கேட்டபோது சொன்ன வழி எளிமையானது. தொடாதீர்கள், தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள், தலை தூக்கிப் பார்த்த பிறகு பக்கத்தில் போங்கள். படுக்கையை யாரும் கடந்துபோகாத மூலைக்கு மாற்றினோம். அதன்பிறகு ஒரு தடவைகூட உறுமவில்லை.

பற்களை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. ஓய்வுபெற்று வரும் பந்தய நாய்களில் பலவற்றுக்குப் பல் மோசமாக இருக்கும், இவளுக்கும் நான்கு பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த ஒரு மருத்துவமனையில், தைராய்டு குறைவு, ஆயுள் முழுக்க மாத்திரை, சிறுநீரகத்திலும் பிரச்சினை இருக்கலாம் என்றார்கள். நான் அழுதுவிட்டேன். கிரேஹவுண்டின் ரத்தம் மற்ற நாய்களின் ரத்தம் மாதிரி இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. தைராய்டு சுரக்கும் தைராக்சின் மற்ற இனங்களின் அளவில் பாதியே இருப்பது இவற்றில் சாதாரணம். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின், தசை அதிகம் என்பதால் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு அதிகம், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவு. இந்த இனத்தை நன்றாக அறிந்த இன்னொரு மருத்துவர் அதே தாளைப் பார்த்து, "ஆரோக்கியமான கிரேஹவுண்டின் ரிப்போர்ட் இது" என்றார். மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. மயக்க மருந்தில் அவர் காட்டிய கவனத்தையும் சொல்ல வேண்டும். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, கல்லீரல் சில மருந்துகளை மெதுவாகவே வெளியேற்றும். அதனால் தயோபென்டால் வகை மருந்து கொடுத்தால் இவை மயக்கத்திலிருந்து மீள வெகுநேரம் ஆகும். சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட ரத்தம் கசியலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். இரண்டாம் நாள் இரவு ஈறில் கொஞ்சம் கசிந்தது. எச்சரிக்கை இருந்ததால் பதறாமல் அவரை அழைத்தோம், அவர் கொடுத்த மருந்தில் நின்றது.

தனியாக விட்டுப் பழக்குவதற்கு எட்டாவது வாரம்வரை ஆனது. கெனலில் எப்போதும் சுற்றிலும் நாய்களின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆளில்லாத வீட்டின் நிசப்தம் அவளுக்குப் புதிது. கதவைச் சாத்தி அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனோம். பழைய ஃபோனை கேமராவாக வைத்துப் பார்த்தபோது, நான் போன பிறகு அவள் மணியின் படுக்கையை ஒட்டிப் போய்ப் படுப்பது தெரிந்தது. மணியை வேறு அறையில் வைத்த அன்று மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, கதவருகிலேயே நின்றாள்.

"நாமே வைத்துக்கொள்ளலாமா?" என்று கணவர் கேட்டார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மணியின் தோட்டம் பாதி நேரம் பூட்டிக் கிடந்தது. அந்த வயதில் அவனுக்கு அது நியாயமில்லை. அவளுக்கு வேண்டியது ஈடு கொடுக்கிற பெரிய நாயின் துணை. ஏற்கனவே ஒரு கிரேஹவுண்ட் வளர்க்கும் அக்கா தங்கை இருவர் விண்ணப்பித்திருந்தார்கள். தங்கள் நாயோடு இரண்டு தடவை வந்தார்கள். இரண்டாம் தடவை, வேலி போட்ட புல்வெளியில் வாய்க்கூடு போட்டு இரண்டையும் அவிழ்த்துவிட்டோம். மைனா பெரிய வட்டமாக நான்கு சுற்று ஓடினாள். பதினோரு வாரத்தில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஓடி முடித்து மல்லாந்து படுத்து நான்கு காலையும் வானத்தைப் பார்க்க நீட்டினாள்.

அவர்கள் அழைத்துப் போன அன்று அவளுடைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தேன், வாசனை பழகியதாக இருக்கட்டும் என்று. கூடவே நோட்டுப் புத்தகம். மணி இரண்டு நாள் மூலையில் இருந்த வெற்று இடத்தை முகர்ந்துகொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் இரவு பத்தரைக்கு அந்த இருவரில் தங்கை எனக்கு ஃபோன் செய்தார். குரலில் பதற்றம். "அக்கா, மைனா அசையாமல் படுத்திருக்கிறாள், கண் மட்டும் திறந்திருக்கிறது. தொட்டுப் பார்க்கட்டுமா?"

"தொட வேண்டாம்மா. கொஞ்சம் தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள்."

ஃபோனில் அவர் கூப்பிடுவது கேட்டது. பிறகு வால் படுக்கையில் தட்டுகிற சத்தம்.