வெயிலில் மட்டும் மக்கர் செய்த வண்டி: இரண்டு ரிலே மாற்றிய கதை

பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். பம்புக்கும் கூலிக்குமாகச் சொன்ன தொகை சின்னதில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. காலையில் அதே வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பும். காரைக்குடியில் இருந்து கானாடுகாத்தான் போய், வேலையை முடிக்கும்வரை வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால்தான் தகராறு. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவை எல்லாம் திறந்து போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடும். அது கத்திரி நேரம். பூட்டிய காருக்குள் சூடு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். தேய்ந்த பம்பும் சூட்டில் மக்கர் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பம்பைக் குற்றம் சொல்லும் முன் அதற்குக் கரண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டாமா? அதை யாருமே பார்க்கவில்லை.

நான் டிப்ளமோ படித்தவள், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பம்புக்குக் கரண்ட் போவது ரிலே வழியாகத்தான். அது என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். பம்ப், ரேடியேட்டர் ஃபேன், ஹார்ன் போன்றவை அதிகக் கரண்ட் இழுப்பவை. அந்தக் கரண்டைச் சின்ன சுவிட்சோ, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவோ நேரடியாகத் தாங்காது. அதனால் இசியு ரிலேக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் விடும். காயில் காந்தமாகி ஒரு பிளேட்டை இழுக்கும், பாயிண்ட் எனப்படும் உலோக முனை இரண்டும் ஒட்டும், பெரிய கரண்ட் பாயும். ரிலேயின் அடியில் பார்த்தால் எண்கள் பொறித்திருக்கும். 85, 86 காயிலின் இரண்டு முனைகள். 30 பேட்டரியில் இருந்து வருவது, 87 பம்புக்கோ ஃபேனுக்கோ போவது. இது டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண் முறை. ஜப்பான், கொரிய வண்டிகளில் சிலவற்றில் 1, 2, 3, 5 என்று போட்டிருக்கும், வேலை ஒன்றுதான். ஆக ரிலே இரண்டு விதமாகக் கெடலாம்: காயில் பக்கம், அல்லது பாயிண்ட் பக்கம். என் வண்டியில் இரண்டுமே இருந்தன, தனித்தனி ரிலேயில்.

முதலில் பம்ப். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன்பே, பின் சீட்டுக்குக் கீழே இருந்து இரண்டு விநாடி போல ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. காலையில் கேட்டது. கானாடுகாத்தானில் வேண்டுமென்றே நடுப்பகல்வரை வெயிலில் விட்டுவிட்டுத் திருப்பினேன், கேட்கவில்லை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது, இசியுவுக்குச் சப்ளை வருகிறது என்று தெரிந்துகொண்டேன். ஃபியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வைத்தேன், இரண்டிலும் 12 வோல்ட். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கூட வந்த தங்கச்சியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல ரிலே என்றால் விரலில் ஒரு தட்டு தெரியும். ஒன்றும் இல்லை.

கிளிக் இல்லை என்பதால் மட்டும் ரிலே கெட்டது என்று ஆகிவிடாது. இசியுவே கட்டளை கொடுக்காமல் இருக்கலாம். அதனால் ரிலேயை உருவிவிட்டு, சாக்கெட்டில் 85, 86 இடங்களில் மீட்டரை வைத்தேன். சாவி திருப்பியதும் இரண்டு விநாடிக்கு 12 வோல்ட் காட்டிவிட்டு விழுந்தது. கட்டளை சரியாக வருகிறது. 30ஆம் இடத்திலும் 12 வோல்ட். கடைசியாக, நடுவில் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தேன். பின் சீட்டுக்குக் கீழே பம்ப் உடனே முனகியது. என்ன ஒரு நிம்மதி! பம்ப் நல்லாவே இருக்கிறது.

இதை யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். அந்த வயரை 85, 86 பக்கம் தவறிக்கூட வைக்கக் கூடாது. அதில் ஒன்று நேராக இசியுவுக்குள் போகிறது, அது எரிந்தால் பம்பை விடப் பெரிய செலவு. வயரை அப்படியே விட்டு ஓட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. விபத்தில் இன்ஜின் நின்றால் இசியு பம்பை நிறுத்திவிடும். நேர் வயர் போட்டிருந்தால் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வயரை எடுத்துவிட்டேன். பக்கத்துக் கடையில் ஜில்லென்று ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, ரிலேயை ஈரம் படாமல் பாலித்தீன் கவரில் சுற்றிப் பாட்டிலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம். ரிலே கைக்குக் குளிர்ந்ததும் மாட்டினேன். டக் என்ற சத்தம், பம்பின் முனகல், வண்டி பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க இன்னும் அதே சூட்டில்தான் இருந்தது, குளிர்ந்தது ரிலே மட்டும்தான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ரிலேயின் மூடியை நெம்பிக் கழற்றினேன். உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, எல்லா ரிலேயிலும் இது இருக்காது. அப்பச்சி கணக்கு நோட்டுப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன். காயில் பின்னைச் சுற்றி ஈயத்தில் முடி மாதிரி ஒரு வட்டக் கோடு. நகத்தால் பின்னைத் தள்ளினால் அந்த வட்டத்துக்குள் பின் லேசாக அசைந்தது. சூட்டில் விரிந்து, இரவில் சுருங்கி, பல வருடம் இப்படியே நடந்ததில் ஈயம் பின்னை விட்டுப் பிரிந்திருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் தொடும், சூடானால் விலகும். மீட்டரில் காயில் நல்ல அளவே காட்டியது, 80 ஓம் சொச்சம். வண்டி ரிலேக்களில் பெரும்பாலும் 50 முதல் 120 ஓம்வரை இருக்கும். குளிர்ந்த ரிலேயைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதுவே போதும்.

காரைக்குடியில் நான் நம்பும் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் எடுத்துப் போனேன். பார்த்ததும், “ஆச்சி, இதுக்கு ஈயம் வச்சா ஓடும். ஆனா எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

“வேணாண்ணே, புதுசே போட்டுரலாம்” என்றேன்.

“அப்ப ஃபேன் ரிலேயையும் ஒரு தடவ பாத்துருவோம். அதோட மூடி கலரே சரியில்ல.”

நானும் கவனித்திருந்தேன். கறுப்பு மூடியின் ஓரம் பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது. பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தபோதெல்லாம் ஏசி குளிராமல் போனதும், டெம்பரேச்சர் முள் ஏறியதும் நினைவுக்கு வந்தது. ஏசியை ஆன் செய்தோம். ரிலே டக் என்றது, ஃபேனும் சுற்றியது, ஆனால் சோம்பலாக. அதே நம்பர் உள்ள ஹார்ன் ரிலேயை அண்ணன் மாற்றி மாட்டினார். ஃபேன் சத்தமே மாறிவிட்டது, இந்தப் பக்கம் ஹார்ன் கம்மியது. பழையதைத் திரும்பப் போட்டு, ஃபேன் ஓடும்போதே சாக்கெட்டின் பின்புறமாக 30க்கும் 87க்கும் இடையே மீட்டரை வைத்தார். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல ரிலேயில் அது 0.1, 0.2க்குள் அடங்க வேண்டும். ஒரு வோல்ட்தானே என்று விடக் கூடாது. 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு வோல்ட் இறங்கினால் 15 வாட் சூடு, தீப்பெட்டியை விடச் சின்ன டப்பாவுக்குள். மூடியைத் திறந்தால் பாயிண்ட் இரண்டும் கருகிக் குழி விழுந்திருந்தன. கிளிக் சத்தம் வந்தாலே ரிலே நல்லது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். காயில் வேலை செய்கிறது என்பதைத் தவிர அந்தச் சத்தம் வேறொன்றையும் சொல்வதில்லை.

புது ரிலே வாங்கும்போது கடையில் ஒன்றை நீட்டி, “இதுவும் 12 வோல்ட், நாலு பின், உக்காந்துரும்” என்றார்கள். உட்காரும்தான். ஆனால் ஒரே அளவு ரிலேயிலேயே 30-ம் 86-ம் இடம் மாறிய வகை உண்டு. பக்கவாட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேயில் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. ஐந்து பின் என்றால் பெரும்பாலும் 87ஏ இருக்கும், அது ரிலே சும்மா இருக்கும்போது ஒட்டியிருக்கும் முனை, வயரிங்கில் அதற்கு இணைப்பு உண்டா என்று தெரியாமல் மாட்டக் கூடாது. ஆம்பியர் குறைந்ததைப் போடவே கூடாது. மூடியில் இருந்த பார்ட் நம்பரைச் சொல்லி அதே நம்பர் ஒரிஜினலைத் தருவித்தேன். இரண்டும் சேர்த்தே பம்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பம்ப் ரிலே மாட்டுவது நொடியில் முடிந்தது. ஃபேன் ரிலேக்குத்தான் நேரம் ஆனது. சாக்கெட்டுக்குள் 87ஆம் டெர்மினல் சூட்டில் நீலம் பாரித்து, பிடிப்பு தளர்ந்து கிடந்தது. அதில் புது ரிலேயைச் செருகினால் அதுவும் சீக்கிரமே கருகும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அந்த டெர்மினலை வெளியே எடுத்து, சூட்டில் விறைத்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, அதே பருமனில் புது வயர் சேர்த்து, டெர்மினலை வயரோடு நசுக்கி இறுக்கி (கிரிம்ப் அடித்து) அண்ணன் உள்ளே தள்ளினார். செம்மண் புழுதி படிந்திருந்த மற்ற டெர்மினல்களையும் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தோம். ரிலேயை அழுத்தும்போது நல்ல இறுக்கத்தோடு இறங்கியது. ஏசியைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார், 0.1.

“இப்பத்தான் ஆச்சி ஃபேன் ஃபேன் மாதிரி ஓடுது” என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு கத்திரி முடியும்வரை வண்டியை நிழல் தேடாமலே நிறுத்தினேன், ஒருமுறைகூட அடம் பிடிக்கவில்லை. பம்ப் ரிலே நம்பரில் ஒன்று கூடுதலாக வாங்கி, ஃபியூஸ் வைத்த அந்தத் துண்டு வயரோடு டேஷ்போர்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.