கேஸ் ஆவதற்கு முன்னால்

குமரி மாவட்டத்தில் குழந்தைகள் நலப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் ஏமாற்றுவது வீடுகள்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. ஓலைக்குடிசை அபூர்வம். கான்கிரீட் வீடு, முன்னால் சிட்அவுட், பிள்ளைகள் யூனிபார்மில். வேறு மாவட்டங்களில் வேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே எதுவும் தட்டுப்படாது. அந்த வீடு அப்பா கல்ஃபில் இருந்தபோது கட்டியது, பத்திரம் வங்கியில் இருக்கிறது, நகை அடகுக்கடையில் இருக்கிறது, அம்மாவுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை தினம் ஒரு குழு லோன் தவணை என்பதெல்லாம் சிட்அவுட்டிலிருந்து தெரிவதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்கள். மானம் பெரிது.

ஆகவே இங்கே வீட்டைப் பார்ப்பதைவிட நேரத்தை விசாரிப்பது பலன் தரும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கப் பகல் ஆகிவிடும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகிற வீட்டில் விடியற்காலை முதல் எட்டரை வரை பிள்ளைகள் மட்டும்தான். இதைக் கேட்டு அறிய ஒரு கேள்வி போதும்: “காலம்பற பிள்ளியள ஆருக்கா எழுப்பி விடுவா?” பதில் பெரும்பாலும் இப்படி வரும்: “மூத்தவ உண்டுல்லா, அவ பாத்துக்கிடுவா.” அந்த மூத்தவள் ஆறாம் வகுப்பு படிப்பாள். தம்பியைக் குளிப்பாட்டி, கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, கடைக்குட்டியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கு வரும்போது முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். வருகைப் பதிவில் அவள் ‘வந்தவள்’. அதனால் வராத பிள்ளைகளின் பட்டியல் எடுக்கிறவர்கள் அவளைப் பார்ப்பதே இல்லை. தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது தாமதமாக வருகிறவர்களின் பட்டியல்.

மழைக்காலத்தில் இதே வீடுகளில் வேறு சிக்கல். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரத்தில் மழைத்தடுப்பு கட்டாத தோட்டங்களில் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வெட்டு நின்று நின்றுதான் நடக்கும். நோட்டு, யூனிபார்ம், வேன் கட்டணம் என்று பள்ளி திறக்கும் ஜூனில் செலவு உச்சத்தில் இருக்கும்போது வருமானம் அடிமட்டத்தில் இருக்கும்.

கடற்கரையில் காலண்டர் வேறு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலத்தில் வரும், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு தடவை போனால் ஒரு மாதத்துக்கு மேலும் கடலில் கிடப்பார்கள். கொச்சியில் படகைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்து சில நாள் நின்று மறுபடியும் போவார்கள். அம்மா தனியாகவே எல்லா முடிவும் எடுத்துப் பழகிய வீட்டில், தடைக்காலத்தில் அப்பா இரண்டு மாதம் தொடர்ந்து இருப்பதே சிலருக்குப் பாரம். குடி, சந்தேகம், பெரிய பையனோடு மோதல் எல்லாம் அப்போது மேலே வரும். மேற்குப் பக்கத்தில் பள்ளி திறந்த முதல் வாரங்களில் வகுப்பில் சட்டென்று அடங்கிப்போகும் அல்லது திடீரென்று கை ஓங்கும் பிள்ளைகள் இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி முதலில் வந்து சேர்கிற இடம் அங்கன்வாடி. அங்கே நடக்கிற பிழைகளும் சின்னச் சின்னவை, ஆனால் விளைவு பெரிது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு மேல் கையின் சுற்றளவு எடுக்கும் நாடாவை எடுத்துக்கொள்வோம். இடது கையை முழங்கையில் மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடா தோலைத் தொட்டு நிற்கும்படி சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, 11.5 முதல் 12.5-க்குள் மிதமானது. சட்டைக்கையோடு சேர்த்து அளப்பது, அழுகிற பிள்ளை கையை முறுக்கியிருக்கும்போது அளப்பது, நாடாவை இறுக்கி இழுப்பது மூன்றும் அன்றாடம் நடப்பவை. அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நாடாவின் சிவப்பு (கடுமை) மஞ்சளாகிவிடும் (மிதம்). ஆனால் எங்கள் அனுபவத்தில் நிறத்தைவிட முக்கியம் எடை அட்டையில் கோட்டின் போக்கு. பச்சையிலேயே இருந்துகொண்டு தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது: பாட்டி படுத்துவிட்டாள், அம்மா முந்திரி ஆலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், அல்லது பேறுகாலத்துக்குப் பின் அம்மாவின் மனம் சரியில்லை. சத்துமாவு இரண்டு பாக்கெட் கூடக் கொடுப்பது இதற்குப் பதிலாகாது.

வீட்டுக்குப் போவது எப்படி என்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. துறை வாகனத்தில் போய் இறங்கினால் தெருவே வேலிக்கு வந்து நிற்கும். பெண் பிள்ளை இருக்கிற வீடென்றால் அந்தக் குடும்பம் அதோடு உங்களோடு பேசாது. ரப்பர் பகுதிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு, கடற்கரைக்கு மீன் ஏலம் முடிந்த பிறகு, ஞாயிறு என்றால் பூசையோ ஆராதனையோ முடிந்த பிறகு போகலாம். முதல் தடவை படிவம் கையில் இருக்கக் கூடாது. அங்கன்வாடி டீச்சரோ கிராம சுகாதார செவிலியரோ கூட வருவது நல்லது, பஞ்சாயத்துப் பிரமுகர் வேண்டாம். “ஒண்ணுமில்ல சாரே, பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும்” என்று வாசலிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். அதை மறுத்துப் பேச வேண்டாம். காய்ச்சலையே விசாரித்தால், எந்த ஆஸ்பத்திரி, யார் கூட்டிப்போனது, பஸ்சுக்கு யார் காசு கொடுத்தது என்று பேச்சு தானாகவே போக வேண்டிய இடத்துக்குப் போகும். அடுப்பங்கரையில் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அது விசாரணை ஆகாது, அவமானம்.

ஒரே வீட்டுக்கு அங்கன்வாடி, சுகாதாரம், மக்களைத் தேடி மருத்துவம், பள்ளி, மகளிர் குழு என்று எத்தனையோ பேர் போகிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு ரெஜிஸ்டர். எல்லாருக்கும் ஒரு துண்டு தெரியும், முழு வீடு யாருக்கும் தெரியாது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இதற்காகத்தான். அது கூடும்போது நடக்கிற பெரிய தவறு, கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவது. அடுத்த நாள் டீக்கடையில் அது ஓடும். குழுவில் பொதுவான நிலைமையைப் பேசலாம். குறிப்பிட்ட வீட்டைப் பற்றி அந்த வீட்டோடு நேரடித் தொடர்புள்ள இரண்டு பேர் மட்டும் தனியாகப் பேசி, யார் பொறுப்பு என்று ஒரு ஆளை முடிவு செய்தால் போதும். ‘எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதிய தீர்மானத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கிடைத்ததில்லை. அந்த ஒரு ஆள் பதினைந்து நாளில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை போய்வர வேண்டும்.

காத்திருக்கவே கூடாத விஷயங்களும் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தால் போக்சோ சட்டப்படி அறிந்தவர் எவரும் புகார் செய்தாக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. ஊர்க்கமிட்டி, சபை, சொந்தக்காரர்கள் ‘பேசி முடித்துவிடலாம்’ என்று வருவது இங்கே புதிதல்ல, அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குழந்தைத் திருமணம், உயிருக்கு ஆபத்தான அடி, கைவிடப்பட்ட குழந்தை என்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படுகிற பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருப்பதும் உதவிதான்.

அந்த எல்லைக்கு வராத வீடுகளுக்குப் பணம் ஒரு பெரிய ஆதாரம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமான உச்சவரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகள், பெற்றோர் உயிர்க்கொல்லி நோயில் அல்லது விபத்தில் முடங்கிய வீடுகள் எல்லாம் இதில் வரும். 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000.

விண்ணப்பம் நிற்கிற இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். முதலாவது வருமானச் சான்று. கான்கிரீட் வீட்டைப் பார்த்து ஒரு லட்சத்துக்கு மேல் எழுதிவிடுவார்கள். வீடு யார் பெயரில், எவ்வளவு கடன், இப்போது சம்பாதிப்பது யார் என்று ஒரு பக்கம் எழுதிக் கடன் ரசீது நகலோடு இணைத்துக் கொடுத்தால் பல நேரம் சரியாகும். அடுத்தது இறப்புச் சான்று. இங்குள்ளவர்கள் கடைசி நேரத்தில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு ஓடுவார்கள். மரணம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவு, ஆகவே சான்று கேரளத்திலிருந்து வர வேண்டும். அதிலுள்ள பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று. இவை ஒத்துப்போகாமல் வாரிசுச் சான்று வராது. சான்று கைக்கு வந்த அன்றே எழுத்தைச் சரிபார்த்துத் திருத்தம் கேட்பது சுலபம், ஆறு மாதம் கழித்துப் போவது நரகம்.

கைவிடப்பட்ட தாய்க்கு இன்னொரு முட்டுக்கட்டை. கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு 30 வயதும், பிரிந்து ஐந்து ஆண்டும் கேட்பார்கள். அந்த விதியையே பிள்ளையின் நிதி ஆதரவுக்கும் பொருத்தி ‘உனக்குக் கிடைக்காது’ என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு திட்டம். கடலில் காணாமல் போனவரின் வீட்டு நிலை இதைவிட மோசம். சட்டப்படி ஏழாண்டு கேள்விப்படாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதுவார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பின் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்து 20 லட்சம் கொடுத்தது. ஒரு வள்ளம் தனியாகக் கவிழ்ந்தால் அந்த வேகம் எந்த அலுவலகத்திலும் இருப்பதில்லை. முதல் நாளே போலீஸ் புகாரும் மீன்வளத் துறைப் பதிவும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு தாளுக்கும் அவைதான் அடித்தளம்.

அனுமதி வந்த பிறகும் பணம் வராமல் போவது உண்டு. ஆதார் வழி அனுப்புகிற தொகை கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தார்களோ அங்கே போகும். குழு லோனுக்காக அம்மா இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்கியிருப்பார், பணம் அங்கே போய்த் தவணையில் கரைந்திருக்கும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்த கணக்கில் யாருடைய ஆதார் இணைந்திருக்கிறது என்பதை வங்கியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஐந்து வயதிலும் பதினைந்திலும் பிள்ளையின் கைரேகைப் புதுப்பிப்பு விடுபட்டிருந்தாலும் சிக்கல்தான்.

இந்தத் தொகை வருவதற்குள் மாதங்கள் ஓடும். அந்த இடைவெளியில்தான் அம்மா ‘பிள்ளையளக் கொண்டு ஹோம்ல விட்டுரலாமா?’ என்று கேட்பார். குமரியில் விடுதிக்கும் இல்லத்துக்கும் பஞ்சமில்லை. சோறும் படிப்பும் நிச்சயம் என்பதால் அது நியாயமான ஆசையாகவே தோன்றும். ஆனால் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதைச் சட்டமே சொல்கிறது. வறுமை ஒன்றுக்காகப் பிரிக்கிற பிள்ளை இரண்டு லீவுக்குப் பிறகு வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடும். இந்த இடைவெளிக்குப் கத்தோலிக்கப் பங்கின் அன்பியமோ (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு), வின்சென்ட் தே பவுல் சபை என்ற உதவி அமைப்போ, கோயில் கமிட்டியோ மூன்று மாத அரிசியும் வேன் கட்டணமும் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் போதும். கேட்கும்போது இவ்வளவு தொகை, இத்தனை மாதம் என்று கணக்காகக் கேட்க வேண்டும். பொதுவாக ‘உதவி செய்யுங்கள்’ என்றால் கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை வரும்.

பேச்சு வராத, நடை தாமதமான பிள்ளைகளின் கதை தனி. ‘அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்’ என்பதில் இரண்டு ஆண்டு போய்விடும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. பயிற்சி என்பது வாரக்கணக்கில், மாதக்கணக்கில். கேரள எல்லையோரக் கொல்லங்கோட்டிலிருந்து வருகிற தாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது தடவைக்குப் பிறகு வராமல் போனால் காரணம் அக்கறையின்மை இல்லை, அந்தக் கூலி. எந்தக் கிழமை ஆலையில் வேலை குறைவு என்று கேட்டு அந்த நாளுக்கு முறை வாங்கித் தருவது, வீட்டிலேயே செய்யும் பயிற்சியைப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது இரண்டும் நடக்கிற காரியம்.

பிள்ளைக்கு 18 ஆனதும் நிதி ஆதரவுத் தொகை நின்றுவிடும், பிளஸ் டூ தேர்வு நடுவில் இருந்தாலும். ஆகவே பதினேழரை வயதிலேயே அந்தக் கோப்பைத் திரும்ப எடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேல்படிப்புக்குப் போகிற மாணவிக்குப் புதுமைப்பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்குப் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கும் ஆதார் இணைப்பும் வேண்டும். சேர்ந்த கணக்கை மட்டும் நம்பியிருந்த பிள்ளைகள் கல்லூரி சேர்ந்த முதல் சில மாதத் தொகையை இதனாலேயே இழக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் வங்கிக்குக் கூட்டிப்போனால் வேலை முடிந்துவிடும்.