லைடன் நகராட்சி வரலாறு: இரண்டாம் முறை படித்த விதம்

சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகள் போய்ச் சேர்ந்த ஊர் என்பதற்கு மேல் லைடனைப் பற்றி முன்பு எனக்கு எதுவும் தெரியாது. நெதர்லாந்து உள்ளாட்சி வரலாற்றுத் தாளுக்கு அந்த நகரத்தையே எடுத்துக்கொண்டேன். முதல் முறை தேறவில்லை. ஸ்பானியப் படையின் முற்றுகை விலகிய நாள் 1574 அக்டோபர் 3, மறு ஆண்டு பல்கலைக்கழகம் என்று எல்லாம் மனப்பாடமாக இருந்தது. ஆனால் முற்றுகைக் காலத்து வான் டெர் வெர்ஃபை இன்றைய மேயரைப் போல நினைத்து எழுதிவிட்டேன். அவர் பர்கோமாஸ்டர்கள் எனப்படும் நான்கு நகரத் தலைவர்களில் ஒருவர்.

அடுத்த முறை ஒவ்வொரு பதவிக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இவரை நாற்காலியில் அமர்த்தியது யார்? பாடம் அப்போதுதான் பிடிபட்டது. பர்கோமாஸ்டர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தது நாற்பதின்மர் அவை. அந்த நாற்பது பேரும் வசதி படைத்த குடும்பத்தினர். ஆயுள் முழுக்கப் பதவி. ஓர் இடம் காலியானால் மற்றவர்களே ஆள் சேர்த்துக்கொள்வார்கள். ஊர்மக்களுக்கு வாக்கு கிடையாது. 1795இல் பிரெஞ்சுப் படை வந்தபோது அந்தக் குடும்பங்களின் பிடி தளர்ந்தது.

பிரேஸ்ட்ராட் தெருவில் உள்ள நகராட்சிக் கட்டடத்தின் முகப்புப் படத்தை அவசியம் பாருங்கள். 1929 தீயில் கட்டடம் எரிந்தது, முகப்பு நின்றது. அதிலுள்ள கல்வெட்டு, முற்றுகையின்போது பசியால் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் மாண்டதைச் சொல்கிறது. அதன் சில எழுத்துகளை ரோமன் எண்களாக எடுத்துக் கூட்டினால் 1574 வரும். ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்; அந்த ஆண்டு அதன்பின் மறக்கவே இல்லை.

அதிக நேரம் தர வேண்டியது 1851ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்துக்கு. அதைக் கொண்டுவந்த தோர்பெக்கே, லைடனில் பேராசிரியராக இருந்தவர். குறிப்பிட்ட அளவு வரி கட்டும் ஆண்கள் நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் மன்றம் நகராட்சியின் தலைமை அமைப்பானது. இப்போது ஒரே மேயராகிவிட்ட பர்கோமாஸ்டரை மட்டும் அரசர் நியமித்தார். இன்றும் நியமனம்தான், மன்றம் பெயரைப் பரிந்துரைக்க, அரசாணை ஆறு ஆண்டுகளுக்குப் பதவி தருகிறது. மன்றத்துக்கோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். லைடனில் 39 இடங்கள். இந்த வேறுபாட்டை எழுதாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அரைகுறைதான்.

2002 மாற்றத்தையும் விட்டுவிடாதீர்கள். வெட்ஹௌடர் எனப்படும் நிர்வாகக் குழுவினர் அதுமுதல் மன்ற உறுப்பினராகத் தொடர முடியாது. எனக்கு இரண்டாம் முறை வந்த கடைசிக் கேள்வி அதுவே. நாற்பதின்மர் அவையிலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன்.