ஒரே கட்டையில் இரண்டு மரம்
இங்கிலாந்து நெடுவில்லுக்கு யூ (yew) என்ற ஊசியிலை மரத்தைத் தேடி அலைந்ததற்குக் காரணம் உண்டு. அதன் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம், இழுவையைத் தாங்கும்; வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான நடுமரம், அமுக்கத்தைத் தாங்கும். அதனால் வெள்ளை எதிரியைப் பார்த்தும் வைரம் வில்லாளியைப் பார்த்தும் இருக்கும்படி செதுக்குவார்கள். வெள்ளைப் பக்கத்தில் ஆண்டு வளையத்தை வெட்டிவிட்டால் சிலாம்பு கிளம்புவது அங்கேதான். கணு வந்தால் சீவாமல் மேடாகவே விட வேண்டும்.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன. நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். இழுவிசை, அதாவது நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் விசை, 100 முதல் 185 பவுண்டு வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சினிமா நாயகன்போல இழுத்துப் பிடித்தபடி வசனம் பேசும் கதையெல்லாம் இதில் நடக்காது!

வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் மரம் வளைவிலேயே நின்றுபோய் அம்பின் வேகம் குறையும். அம்பில்லாமல் இழுத்து விட்டால் விசை முழுக்க வில்லுக்கே திரும்பி, முறிந்தும் போகலாம்.