வெனிஸின் புல்ச்சினெல்லா அறை

மெஸ்த்ரேயில் வீடு பிடித்து, நகராட்சிப் பதிவேட்டில் பெயர் ஏறி, அடையாள அட்டையும் கைக்கு வந்தபின் எனக்கு ஒரு வரம் கிடைத்தது. மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சியில் சேர்ந்தது. இங்கே குடியிருப்பவர்களுக்கு நகராட்சி அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. டிராமில் பியாஸ்ஸாலே ரோமா போய் ஒன்றாம் எண் படகில் ஏறினால் கா ரெட்ஸோனிகோ அருங்காட்சியகம். விடுமுறை நாளில் பெரும்பாலும் நான் அங்கேதான் இருப்பேன், புல்ச்சினெல்லா அறையில்.

புல்ச்சினெல்லா நேப்பிள்ஸில் பிறந்த பாத்திரம். முகமூடி அணிந்து ஆடும் கொமேதியா தெல்லார்த்தே நாடகங்களின் பெருந்தீனிக்காரன், குடிகாரன். தொளதொள வெள்ளைச் சட்டை, கூம்புத் தொப்பி, கழுகு மூக்குள்ள கறுப்பு அரைமுகமூடி, முதுகில் கூன். இந்த அறையில் ஒருவனல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. அண்ணாந்தால் கூரையில் ஒருவன் கயிற்றில் ஊஞ்சலாடுகிறான். கீழிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பதால் நம் தலைமேலேயே ஆடுகிறான்.

வரைந்தவர் வெனிஸ் ஓவியர் ஜான்தொமேனிகோ தியேப்போலோ. அரண்மனைக்கோ தேவாலயத்துக்கோ வரைந்ததல்ல இது; மிரானோ பக்கம் ஸியானிகோவில் இருந்த சொந்த வீட்டுச் சுவரில் தனக்காகவே வரைந்துகொண்டது. 1906-ல் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். பிரான்ஸுக்குப் போகவிருந்ததை அரசு தடுக்க, நகரம் வாங்கிக்கொண்டது.

குடி என்றால் தெருமுனைக் கடை, மறைத்துக் கொண்டுவரும் பாட்டில், அம்மாவின் அழுகை என்று பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே வேலை முடிந்து எல்லோரும் பார் கவுன்டரில் நின்றபடி ஒரு சின்னக் கிளாஸ் வைன் குடிப்பார்கள். பக்கத்தில் தாத்தா, தள்ளுவண்டியில் குழந்தை. ஆரம்பத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன்.

அந்தக் கூச்சம் தளர்ந்ததற்கு இந்தப் படங்கள்தான் காரணம். ஜான்தொமேனிகோவின் அப்பா ஜாம்பத்திஸ்தாவும் புல்ச்சினெல்லாக்களை நிறைய வரைந்தவர். அவர் படங்களில் பெரிய பானையில் ஞோக்கி என்ற மாவு உருண்டைகள் கொதிக்கின்றன, சுற்றிலும் கூன் முதுகுகள். கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்புக்கு முந்தைய கார்னிவல் நாட்களின் கொண்டாட்டம் அது. ஊரே சேர்ந்து சமைத்து, சாப்பிட்டு, குடிக்கும். பிறகு நாற்பது நாள் அடக்கம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வெரோனாவில் இன்றைக்கும் கார்னிவலின் கடைசி வெள்ளிக்கிழமை ஞோக்கித் திருவிழா நடக்கிறது. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குபவரின் கையில் செங்கோலாக ஒரு பெரிய முள்கரண்டி, அதன் நுனியில் ஒரு ஞோக்கி!

ஆனால் மகனின் படங்களில் வெறும் கும்மாளம் மட்டும் இல்லை. 1797 மே மாதம் நெப்போலியனுக்குப் பணிந்து வெனிஸ் குடியரசு முடிந்துபோனது. இந்த அறையின் படங்களில் சில அதே ஆண்டில் முடிந்தவை. அதன்பின் 1804-ல் இறக்கும்வரை அவர் புல்ச்சினெல்லாவின் வாழ்க்கையையே நூற்றுச் சொச்சம் கோட்டோவியங்களாக வரைந்தார். வான்கோழி முட்டையிலிருந்து பிறக்கிறான், கல்யாணம் செய்கிறான், சிறைக்குப் போகிறான், சாகிறான், எலும்புக்கூடாய் எழுந்தும் வருகிறான். நாடு போன மனிதர் ஒருவர் இத்தனை விருந்தையும் விளையாட்டையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறாரே என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இப்போது கவுன்டரில் நானும் நிற்கிறேன், என் கையில் ஆரஞ்சுச் சாறு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அடுத்த கார்னிவலுக்கு அம்மா வருகிறார். அந்த வெள்ளிக்கிழமை அவரை வெரோனாவுக்கு அழைத்துப் போகப்போகிறேன்.